இரண்டாவது கிளாஸ்

குழாய் விற்றே வீடு கட்டிய ஒரு மனிதர் குழாயாலேயே கெட்ட கதை இது. புதுச்சேரியில் நடந்தது. கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவர் பெயர் சவரிநாதன். முத்தியால்பேட்டையில் கடை. குளியலறைக் குழாய், சமையலறைக் குழாய், வாசல் குழாய், எதுவானாலும் சரி, கையில் வாங்கி எடை பார்த்தாலே உள்ளே பித்தளையா, தகரமா, வெறும் ஏமாற்றா என்று சொல்லிவிடுவார். ஐம்பதைத் தொட்ட வயது. ஆள் குள்ளம். குரல் மட்டும் பக்கத்துத் தெரு வரைக்கும் போகும்.

அவருக்கு ஒரு குரு இருந்தார். மதாம் ஒதில் என்று பெயர். குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மகள் பிரான்சின் வடக்கே வளர்ந்து, அங்கே ஒரு சின்ன ஆலையில் பீர் காய்ச்சக் கற்று, போதும் என்று ஒருநாள் குருசுக்குப்பத்துப் பூர்வீக வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பின்கட்டில் ஒரு செம்பு அண்டா வைத்திருந்தார். விற்பனை எல்லாம் கிடையாது. கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார், அதுவும் கேட்டால்தான். கேட்காதவர்களுக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

மதாமின் பாடம் கொஞ்சம் விசித்திரம். ஒரே அண்டாவில் காய்ச்சியதை ஆளுக்கொரு பீப்பாயாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார். அதை வீட்டில் வைத்துக் காப்பாற்றி, கெடாமல் ஊற்றத் தெரியவேண்டும். அதற்காக ஒவ்வொரு சீடன் வீட்டிலும் ஒரு பழைய ஃபிரிட்ஜ், உள்ளே பீப்பாய், பக்கத்தில் பீரைத் தள்ளிவிட ஒரு குட்டி காஸ் சிலிண்டர், கதவில் ஓட்டை போட்டு ஒரு குழாய். அந்தக் குழாயை மட்டும் அவரவர்தான் பார்த்து வாங்கவேண்டும்.

"காய்ச்சறது என் வேலை. ஊத்தறது உங்க வேலை," என்பார் மதாம்.

பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலாம் தேதி ஊரில் பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அப்பாவின் மெடலைப் புடவையில் குத்திக்கொண்டு மதாமும் போவார். ஊர்வலம் முடிந்ததும் சீடர்களின் வீட்டுக்கு வருவார். அன்றைக்கென்று கொடுத்த பீப்பாயில் அதுவரை சீடன் வாய் வைப்பதில்லை. முதல் கிளாஸ் குருவுக்கு.

மதாம் மெதுவாகக் குடிப்பார். நல்லாயிருக்கு என்றும் சொல்லமாட்டார், நல்லாயில்லை என்றும் சொல்லமாட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. கிளாஸின் அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"மிச்சம் எதுக்கு மதாம்?" என்று ஆரம்பத்தில் சவரிநாதன் கேட்டார்.

"நான் சொன்னா அது என் நாக்கு சொன்னது. உங்க நாக்குக்கும் வேலை வேணும்ல, அண்ணே? அந்த ஒரு வாய் உங்களுக்கு."

சவரிநாதன் பெரிதாகத் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன காசா, பணமா?

ஆனால் குரு வாய் திறக்காத இடத்தில் சீடர்கள் சும்மா இருப்பார்களா? எத்தனை கிளாஸ் குடித்தார் என்று எண்ண ஆரம்பித்தார்கள்.

சவரிநாதன்தான் முதல் சீடர். அண்டா கழுவினார், பார்லி மூட்டை சுமந்தார், கடையைப் பூட்டிவிட்டு ஓடி ஓடி வந்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. அண்டாவில் முளைகட்டிய பார்லியைக் கிளறும் மரத்துடுப்பு ஒன்று உண்டு. அதை மதாம் யாரையும் தொட விட்டதில்லை. என்றைக்காவது அந்தத் துடுப்பைப் பிடித்து அண்டா முன்னால் நிற்கவேண்டும். சவரிநாதனுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பிறகு இளம்பரிதி வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். சவரிநாதனைவிட சில வயது சின்னவர். பனைமரம் மாதிரி உயரம். எதைச் சொன்னாலும் சிரிப்பார். சவரிநாதனுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்த முதல் நாளே பிடிக்காமல் போனது.

போன வருஷம் ஜூலை பதினாலு. மதாம் முதலில் சவரிநாதன் வீட்டுக்கு வந்தார். சவரிநாதன் அப்போது வைத்திருந்தது எவர்சில்வர் குழாய். பளபளப்பு கிடையாது, கையில் கனமாக இருக்கும், மூடினால் வாய் ஓரத்திலேயே மூடிக்கொள்ளும். எத்தனையோ குழாய்களைத் தூக்கிப் பார்த்த கை அது. கைக்குப் பிடித்ததை எடுத்து வந்து மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

மதாம் ஒரு கிளாஸ் குடித்தார். ஒரு வாய் மிச்சம் வைத்தார். எழுந்துவிட்டார்.

அடுத்த தெருவில் இளம்பரிதி வீடு. சவரிநாதனும் கூடவே போனார். ஃபிரிட்ஜ் கதவில் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு ஒரு குழாய் இருந்தது. முலாம் பூசிய பித்தளை. அன்னப் பறவைக் கழுத்து மாதிரி வளைவு. டிராயிங் வாத்தியார் அழகு பார்த்து வாங்கியிருந்தார்.

மதாம் ஒரு கிளாஸ் குடித்தார். மிச்சம் வைத்தார். கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னொரு கிளாஸ் ஊத்துங்க, சார்," என்றார்.

சவரிநாதன் விரலை மடக்கி எண்ணினார். ரெண்டாவது கிளாஸ்! இத்தனை வருஷத்தில் தன் வீட்டில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருப்பாரா?

வாசலில் செருப்புப் போடும்போது மதாம் சொன்னார்: "அடுத்த வருஷம் இதே நாள்ல உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் துடுப்பு தரலாம்னு இருக்கேன். தச்சர்கிட்ட இப்பவே சொல்லிடணும்."

இளம்பரிதி சிரித்தார். சவரிநாதனுக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ரெஜினா கேட்டார்: "மதாம் கிளாஸ்ல உங்களுக்கு வச்சிட்டுப் போயிருக்காங்க, குடிக்கலையா?"

"கொட்டு."

"ஏங்க?"

"கொட்டுன்னா கொட்டேன்! அவன் வீட்டுல ரெண்டு கிளாஸ் குடிச்சாங்க. தெரியுமா? ரெண்டு! பீரு ஒண்ணுதான், அண்டா ஒண்ணுதான். அப்போ என்ன அர்த்தம்? குழாய்தான். குழாய் விக்கிறவன் வீட்டுல குழாய் சரியில்ல!"

ரெஜினா கிளாஸை எடுத்துக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினார்.

மறுநாளே சவரிநாதன் குருசுக்குப்பத்தில் போய் நின்றார். மதாம் முற்றத்தில் பார்லியைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"மதாம், நல்ல குழாய்க்கு என்ன அடையாளம்?"

மதாம் நிமிர்ந்து பார்த்தார். "குழாய் விக்கிறவர் என்கிட்டயா கேக்கிறீங்க?"

"கேக்கணும்னு தோணுச்சு."

மதாம் பக்கத்திலிருந்த சொம்பை எடுத்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். உதட்டை மூடிக்கொண்டு கொஞ்சம் பொறுத்தார். பிறகு டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். ஒன்றுமில்லை.

"புரியலை மதாம்."

"மூடின பிறகு வாயில எதுவும் தங்கக்கூடாது. சில குழாய் பின்னால மூடும். முன்னால தங்கினது காத்துப் பட்டுக் கெட்டுப்போகும். வாய்கிட்டயே மூடற குழாயைப் பாருங்க. தேய்ச்சா போயிடற பளபளப்பு வேணாம். எவர்சில்வர் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சவரிநாதன் வெளியே வந்தார். வழியெல்லாம் மனசு அரித்தது. எவர்சில்வராம். வாய்கிட்ட மூடணுமாம். அதுதானே ஏற்கெனவே என் வீட்டுல இருக்கு! இருக்கிறதையே திருப்பிச் சொல்லி அனுப்பறாங்கன்னா, இல்லாத ஒண்ணு வேற எங்கேயோ இருக்குன்னு அர்த்தம். அந்த ரகசியம் வாத்தியாருக்குப் போயிருக்கு. அண்டா கழுவினவனுக்குத் தண்ணி குடிச்சுக் காட்டறாங்க. பொறாமை பிடித்தவனுக்குக் கணக்கு மட்டும் ரொம்ப நன்றாக வரும் பாருங்கள், எல்லாம் தனக்கு எதிராகவே வரும்.

அந்த வாரமே பழைய எவர்சில்வர் குழாயைக் கழற்றினார். தெரிந்த வியாபாரிகளிடம் எல்லாம் சொல்லிவைத்து, இளம்பரிதி வீட்டில் பார்த்த அதே ஜாதிக் குழாயை, அதைவிடப் பெரியதாக, அதைவிட வளைவாக, முலாம் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றை வரவழைத்தார். பழைய குழாய் கடை மூலையில் கழிவுச் சாமான் தகரத்தில் போய் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து இளம்பரிதி கடைக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு நல்ல குழாய் வேணும்."

"உனக்கா? உனக்கு எதுக்கய்யா?"

"என் வீட்டுக் குழாய் சரியில்லண்ணே. அன்னைக்கு மதாம் ரெண்டாவது கிளாஸ் கேட்டாங்கல்ல, அது எதனாலன்னா..."

"தெரியும்யா, தெரியும்! ஊருக்கே தெரியும். நீ வேற வந்து வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதே."

"இல்லண்ணே, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"குழாய் சரியில்லையாம்! அடக்கத்தைப் பாரு. நிறைகுடம்! கேட்டுக்கிட்டீங்களா?" என்று கடையில் நின்ற இரண்டு வாடிக்கையாளர்களிடமும் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் சிரித்துவைத்தார்கள்.

இளம்பரிதியும் வழக்கம்போலச் சிரித்தார். பிறகு அவர் கண் தகரத்தின் மேல் விழுந்தது. குனிந்து அந்த எவர்சில்வர் குழாயை எடுத்தார். திறந்து மூடிப் பார்த்தார். ஒற்றைக் கண்ணால் வாய்க்குள் பார்த்தார்.

"அண்ணே, இது உங்க வீட்டுல இருந்ததுதானே?"

"கழட்டிப் போட்டாச்சு."

"ஏண்ணே?"

"என் இஷ்டம்."

"அப்ப நான் எடுத்துக்கட்டுமா?"

சவரிநாதன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறானா? இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறான் போலிருக்கிறது. சவரிநாதனுக்கு உள்ளுக்குள் ஒரு ஊற்று கிளம்பியது. ஒரே கிளாஸ் ஊற்றின ராசி கெட்ட குழாய். போய் மாட்டிக்கொள்ளட்டும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் நமக்கென்ன?

"தாராளமா எடுத்துக்க. காசு வேணாம்."

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு இளம்பரிதி போனார்.

அந்த வருஷம் முழுக்க சவரிநாதன் அந்தப் புதுக் குழாயைக் கோவில் விக்கிரகம் மாதிரி பார்த்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்பார். வெளியே தேய்த்தது போதாதென்று சின்ன பிரஷ்ஷில் புளியைத் தொட்டு வாய்க்குள்ளும் விட்டுச் சுரண்டுவார்.

"முலாம் போட்டதைப் புளியால தேய்க்கலாமாங்க?" என்றார் ரெஜினா.

"பளபளன்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா கடையில நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே."

உண்மைதான். கல்லாவுக்கு மேலே, சவரிநாதன் கைப்பட எழுதியது: 'முலாம் குழாய்களைப் புளி, உப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். முலாம் உரிந்தால் கடை பொறுப்பல்ல.'

"அது வாங்கிட்டுப் போறவங்களுக்கு," என்றார் சவரிநாதன். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

ஜூன் கடைசியில் மதாம் பீப்பாய்களைக் கொடுத்தனுப்பினார். அதில் குருவுக்கு முன் வாய் வைக்கக்கூடாதே. சவரிநாதன் வைக்கவில்லை. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் ஃபிரிட்ஜ் முன்னால் இழுத்துக்கொண்டு போய், குழாயைத் திறந்து காட்டி, பீர் வளைந்து விழுகிற அழகைக் காட்டி, மூடிவிடுவார். விழுந்ததைச் சாக்கடையில் ஊற்றுவார்.

"எப்படி?" என்பார்.

"அம்சமா இருக்கு," என்பார்கள் வந்தவர்கள்.

"வாத்தியார் வீட்டுல இருந்ததைவிட?"

அவர்கள் வாத்தியார் வீட்டுக் குழாயைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும், "அது என்ன, இதுக்கு முன்னால நிக்குமா?" என்பார்கள். சவரிநாதனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

ஜூலை பதினாலு வந்தது. ஊர்வலம் முடிந்து மதாம், மெடலோடும் துணி சுற்றிய ஒரு நீளமான பொருளோடும், சவரிநாதன் வீட்டுக்கு வந்தார். கூடவே இளம்பரிதியும் வந்தார். துணிக்குள் என்ன இருக்கிறது என்று சவரிநாதனுக்குத் தெரியும்.

மதாம் புதுக் குழாயைப் பார்த்தார்.

சவரிநாதன் ஊற்றினார். சின்ன கிளாஸ்தான். மதாம் குடித்தார், மெதுவாக. ஒரு வாய் மிச்சம் வைத்து மேசை மேல் வைத்தார். எழுந்திருப்பார் என்று சவரிநாதன் பயந்தார்.

"இன்னொரு கிளாஸ் ஊத்துங்க, அண்ணே."

சவரிநாதன் அவசரமாக வேறொரு கிளாஸை எடுத்தார். ஊற்றினார். மதாம் குடித்தார். மிச்சம் வைத்தார். மறுபடியும் கிளாஸைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் ஊத்திடுங்களேன்."

மூணு! ஊரிலே யாருக்கும் நடக்காதது. சவரிநாதன் இளம்பரிதியைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு இல்லை, ஏதோ கவலை மாதிரி இருந்தது. அடடா, அதைப் பார்க்கத்தானே ஒரு வருஷமாகப் புளி போட்டுத் தேய்த்தது!

மதாம் மூன்றாவதிலும் ஒரு வாய் மிச்சம் வைத்து எழுந்தார். மூன்று கிளாஸும் மேசை மேல் வரிசையாக நின்றன. சவரிநாதன் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதாமுக்கு முன்னால் ஓடிப் போய் இளம்பரிதி வீட்டு வாசலில் நின்றார்.

உள்ளே ஃபிரிட்ஜ் கதவில் அந்தப் பழைய எவர்சில்வர் குழாய். மங்கலாக, அடக்கமாக இருந்தது. பிடியை மட்டும் மரத்தில் கொக்கு மாதிரி செதுக்கி மாட்டியிருந்தார் வாத்தியார். குப்பைக்குக் குஞ்சலம் என்று சவரிநாதன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

இளம்பரிதி ஊற்றினார். மதாம் குடித்தார்.

கேட்கக்கூடாது, கேட்கக்கூடாது என்று சவரிநாதன் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மதாம் ஒரு வாய் மிச்சம் வைத்தார். கிளாஸைக் கீழே வைத்தார். "போதும் சார்," என்றார்.

சவரிநாதனுக்கு நெஞ்சு விம்மியது. மூணுக்கு ஒண்ணு! இளம்பரிதியின் மேல் பரிதாபம்கூட வந்துவிட்டது. எட்டி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். "மனசு விடாதே தம்பி. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

மதாம் துணியைப் பிரித்தார். பலா மரத்தில் இழைத்த துடுப்பு, மஞ்சள் மாறாமல் இருந்தது. சவரிநாதன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

மதாம் அதை இளம்பரிதியிடம் கொடுத்தார்.

"மதாம்!"

"சொல்லுங்க அண்ணே."

"இது என்ன நியாயம்? என் வீட்டுல மூணு கிளாஸ் குடிச்சீங்க. இங்க ஒண்ணு. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். போன வருஷம் அவன் ரெண்டு, நான் ஒண்ணு. சரி, அப்ப அவன். இப்ப நான் மூணு, அவன் ஒண்ணு. இப்பவும் அவனா? நான் முந்தி வந்தவன் மதாம். அண்டா கழுவினவன். மூட்டை தூக்கினவன். முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைக்கிறதா?"

பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல் பாதியில் உடைந்துபோனது. ஐம்பது வயது மனிதர் எல்லார் முன்னாலும் அழுதார்.

மதாம் அவர் அழுது முடிக்கும் வரை பொறுத்தார்.

"மூணு கிளாஸ்லயும் உங்களுக்கு வச்சிட்டு வந்தேனே. குடிச்சீங்களா?"

"இல்ல."

"போய்க் குடிச்சிட்டு வாங்க. நாங்க இங்கேதான் இருப்போம்."

சவரிநாதன் போனார். ரெஜினா மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கொட்டவா வேணாமான்னு தெரியாம பாத்துட்டு நிக்கிறேன். போன வருஷம் கொட்டச் சொன்னீங்களே."

சவரிநாதன் அவரைத் தாண்டி மேசைக்கு வந்தார். முதல் கிளாஸை எடுத்து வாயில் ஊற்றினார். பல் கூசியது. நாலு நாள் வெளியே கிடந்த இட்லி மாவு மாதிரி புளிப்பு. விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைத்தான் மதாம் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார்.

இரண்டாவதை எடுத்தார். புளிப்பு குறைந்திருந்தது. ஆனால் பித்தளைச் சாவியை வாயில் போட்டுச் சப்பின மாதிரி ஒரு ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, மதாமின் பீர். குளிர்ந்து, லேசான கசப்போடு, வறுத்த தானிய வாசனையோடு. அண்டாவிலிருந்து வந்தது எதுவும் கெடவில்லை.

அவர் ஃபிரிட்ஜ் முன்னால் குனிந்தார். குழாயின் வாய்க்குள் சுண்டு விரலை விட்டு எடுத்தார். கறுப்பும் பச்சையுமாக ஒரு பிசுக்கு. அதோடு பொடிப் பொடியாக முலாம் உரிந்து வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்னங்க அது?" என்றார் ரெஜினா.

"ஒண்ணுமில்ல."

விரலைக் கழுவினார். மறுபடியும் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார். பிறகு மெதுவாக நடந்து இளம்பரிதி வீட்டுக்குத் திரும்பினார். வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"அன்னைக்குக் கடையில என்கிட்ட என்னமோ சொல்ல வந்தியே. என்னது அது?"

"எதுண்ணே?"

"ரெண்டாவது கிளாஸ்."

"ஓ, அதுவா?" இளம்பரிதி கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "முதல் கிளாஸ்ல மதாம் வச்சிட்டுப் போனதைக் குடிச்சுப் பாத்தேன்ணே. அப்படி ஒரு புளிப்பு. அதைக் கழுவி விடத்தான் இன்னொண்ணு கேட்டிருக்காங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. குழாய் விஷயம் உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

சவரிநாதன் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த எவர்சில்வர் குழாயைப் பார்த்தார். அது அவர் கை தேர்ந்தெடுத்த குழாய். எடை இன்னும் கைக்கு நினைவிருந்தது.

இளம்பரிதிக்குக் கூச்சம் தாங்கவில்லை. துடுப்பைத் தரையில் ஊன்றி, அண்டாவில் கிளறுகிற மாதிரி சுற்றிப் பார்த்தார். அந்த உயரத்துக்கு அவர் கூனிக் குனியவேண்டியிருந்தது.

"மதாம், இது எனக்குக் குட்டையா இருக்கே. ஒரு தடவை கிளறினா முதுகு ஒடிஞ்சிடும் போல."

"ஆமா சார். போன ஜூலையிலயே தச்சர்கிட்ட அளவு சொல்லிட்டேன்."

"யார் அளவு மதாம்?"

மதாம் புடவையில் சாய்ந்திருந்த மெடலை நேராக்கினார். வாசற்படியில் நின்றவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு கிளாஸ் ஊத்தினவர் அளவு," என்றார்.